கிளாஸ் ஒட்டினதுக்குப் பிறகு டச் மந்தம்: டிஸ்பிளே மாற்றத்தான் வேணுமா?

நிலாவெளி_ரோட் | ஞாயிறு, இரவு 8.12

வணக்கம். அம்மாவின் சாம்சங் ஏ வரிசை போனுக்குப் போன கிழமை டவுனில் ஒரு கடையில் டெம்பர் கிளாஸ் ஒட்டினோம். அன்றிலிருந்து டச் மந்தம். கோல் வந்தால் பச்சை வட்டத்தை இழுக்க இழுக்க அது தன் இடத்துக்கே திரும்பி ஓடுகிறது. அதற்குள் மணி அடித்து ஓய்ந்துவிடும்.

அம்மா வீட்டில் தையல் செய்கிறார். வாடிக்கையாளர்கள் அளவு, கழுத்து டிசைன் எல்லாம் வட்ஸ்அப்பில் குரலாக அனுப்புவார்கள். பதில் சொல்ல மைக் பட்டனை அமத்திப் பிடித்தால் பாதியிலேயே அறுந்துவிடுகிறது, விரல் அங்கேயேதான் இருக்கிறது. நான் தொட்டால் ஓரளவுக்கு வேலை செய்கிறது என்பதுதான் விளங்கவில்லை.

ஒட்டின இடத்துக்கே கொண்டுபோனேன். "டிஸ்பிளே வீக் ஆகிட்டுது, மாத்தினால்தான் சரிவரும்" என்கிறார்கள். வாங்கி இரண்டு வருசம்கூட ஆகாத போன். செட்டிங்ஸில் டச்சைக் கூட்டுகிற ஒப்ஷன் ஒன்று இருக்கிறதாமே, எங்கே இருக்கிறது? அதைப் போட்டால் போதுமா?


மூதூர்_பொடியன் | 8.20

செட்டிங்ஸ், அதற்குள் டிஸ்பிளே, கீழே இறங்கினால் டச் சென்சிட்டிவிட்டி. ஓன் பண்ணுங்க, முடிஞ்சுது. கிளாஸ் ஒட்டின போனுக்கென்றே கொடுத்திருக்கிற சுவிட்ச் அது. கண்ணில் படவில்லை என்றால் செட்டிங்ஸ் மேலே உள்ள தேடல் பெட்டியில் டச் என்று அடியுங்க. எல்லா மொடலிலும் இருக்காது, ஏ வரிசையில் நிறையப் போன்களில் இருக்கிறது.

கடைக்காரருக்கு ஒரு சதமும் கொடுக்காதீங்க.


புறாமலை | 8.41

மூதூர்_பொடியன் எழுதியது: "ஓன் பண்ணுங்க, முடிஞ்சுது."

தம்பி, இடம் சரி. முடிஞ்சுது என்பதுதான் சரியில்லை. அதை ஓன் செய்துவிட்டு மாரி காலத்தில் பஸ் நிலையத்தடியில் நின்று ஒருமுறை போனை எடுத்துப் பார். நாலு மழைத்துளி விழுந்ததும் என் போன் யாரோ ஒரு பழைய வாடகைக்காரருக்குத் தானாகக் கோல் எடுத்தது. அவர் எனக்கு இன்னும் இரண்டு மாத வாடகை தரவேண்டிய ஆள், எதற்கு எடுத்தேன் என்று அவருக்குச் சந்தேகம்.

நான் அதை ஓஃப் செய்துதான் வைத்திருக்கிறேன். கிளாஸும் இல்லை. கவனமாகப் பாவித்தால் கிளாஸ் எதற்கு?


கிண்ணியா_நானா | 9.30

நான் போன் திருத்துகிற தொழில்தான். கடை பெயர் சொல்ல மாட்டேன், விளம்பரம் என்று நடத்துநர் அழித்துவிடுவார்.

டிஸ்பிளே மாற்றச் சொல்ல முதல் செய்ய வேண்டிய பரிசோதனை ஒன்று இருக்கிறது. அதைச் செய்து காட்டாமல் யார் சொன்னாலும் காசை எடுக்காதீங்க. நம்பர் அடிக்கிற பக்கத்தைத் திறந்து *#0*# அடியுங்க. கோல் பட்டன் தேவையில்லை, கடைசி அடையாளம் விழுந்ததும் பெட்டி பெட்டியாக ஒரு மெனு வரும். சிவப்பு, பச்சை, நீலம் என்றெல்லாம் இருக்கும், அதில் டச் என்பதைத் தட்டுங்க. இப்போது திரையின் ஓரம் சுற்றியும் மூலைக்கு மூலை குறுக்காகவும் சின்னக் கட்டங்கள் தெரியும். சுட்டுவிரலை எடுக்காமல், ஆறுதலாக அந்தக் கட்டங்களின் மேல் இழுத்துக்கொண்டு போங்க. தொட்ட கட்டம் பச்சையாகும். எல்லாம் பச்சையானால் தானாக வெளியே வந்துவிடும்.

எங்கே ஓட்டை விழுகிறது என்பதுதான் விஷயம். நீங்கள் இழுத்தாலும் அம்மா இழுத்தாலும் அதே வரிசையில், அதே இடத்தில் பச்சையாகவில்லை என்றால் பெனலில், அதாவது டிஸ்பிளேயில் கோளாறு, அல்லது உள்ளே அதைப் போர்டோடு இணைக்கிற ரிப்பன் வயர் சரியாக மாட்டவில்லை. இழுக்கிற ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில் விடுபட்டால் பெனல் நல்லது, குற்றம் கிளாஸில் அல்லது விரலில். பிறகு கிளாஸைக் கழற்றிவிட்டு இன்னொரு தடவை இழுங்க. கழற்றினால் ஒரு கிளாஸின் காசுதான் நட்டம், டிஸ்பிளே விலை உங்களுக்குத் தெரியும்.

அந்த நம்பர் வேலை செய்யவில்லை என்றால் சாம்சங் மெம்பர்ஸ் செயலிக்குள் இதே பரிசோதனை இருக்கிறது. ரெட்மி, போக்கோ வைத்திருப்பவர்களுக்கு *#*#6484#*#*.

வேறு கம்பனி போன் என்றால் டெவலப்பர் ஒப்ஷன் திறக்கவேண்டும். எபவுட் போனுக்குள் பில்ட் நம்பரை ஏழு தடவை தட்டினால் அது திறக்கும். அதற்குள் பொயின்டர் லொக்கேஷன் என்று ஒன்று. அதை ஓன் செய்தால் விரல் போகிற வழியெல்லாம் திரையில் கோடு விழும், மேலே எண்கள் ஓடும். நேராக இழுத்த கோடு நடுவில் அறுந்தால் அங்கே டச் விடுபடுகிறது என்று அர்த்தம். பார்த்து முடிந்ததும் ஓஃப் செய்துவிடுங்க. கோடும் எண்ணும் திரையிலேயே நிற்கும், அதைக் கண்டு பயந்து போனைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடி வருகிறவர்கள் இருக்கிறார்கள்.


நிலாவெளி_ரோட் | திங்கள், காலை 6.50

நானா, செய்து பார்த்தேன். மிக்க நன்றி.

நான் இழுத்தால் எல்லாக் கட்டமும் பச்சை, ஓரத்தில் மட்டும் கொஞ்சம் அழுத்தவேண்டி இருந்தது. அம்மா இழுத்தால் இடைக்கிடை ஓட்டை, ஒவ்வொரு முறையும் வேறு இடம். சென்சிட்டிவிட்டி ஓன் செய்த பிறகு என் விரலுக்கு நல்ல வித்தியாசம். அம்மாவுக்கு முன்னரைவிடப் பரவாயில்லை, ஆனால் மைக் பட்டன் இன்னும் அறுகிறது.

இன்னொன்று. போனைச் சரித்து வெளிச்சத்தில் பார்த்தால் கிளாஸுக்கு அடியில் சின்னச் சின்னப் புள்ளிகள் அடுக்கியது போலத் தெரிகிறது. அது என்ன?


உவர்மலை_சேர் | 10.15

பிள்ளை, அந்தப் புள்ளிகளில்தான் விடை இருக்கிறது. அதை நானா சொல்வார். அதற்கு முன் அடிப்படையை நான் சொல்கிறேன், விஞ்ஞானம் படிப்பித்த பழக்கம் விடாது.

இந்தத் திரைகளில் கண்ணுக்குத் தெரியாத மின்வாய்கள் வரிசையும் நிரலுமாகப் பின்னிக் கிடக்கின்றன. பெரும்பாலும் இந்தியம் டின் ஒக்சைட் என்ற பொருள். மின்னைக் கடத்தும், ஒளியையும் மறைக்காது. ஒவ்வொரு சந்திப்பும் ஒரு சின்னக் கொள்ளளவி, அதாவது மின்னேற்றத்தைத் தேக்கிவைக்கிற அமைப்பு. அது தேக்குகிற அளவுதான் கொள்ளளவம். விரல் மின்னைக் கடத்துவதால் கிட்ட வந்ததும் அந்த இடத்துக் கொள்ளளவம் மாறுகிறது, உள்ளே இருக்கிற சில்லு அந்த மாற்றத்தை அளந்து இடத்தைக் கண்டுபிடிக்கிறது. ஆகவே அழுத்தம் இங்கே கணக்கே இல்லை. அழுத்தினால் விரல் நுனி பரந்து தொடுகிற பரப்பு கூடுகிறது, அதனால்தான் அழுத்தினால் வேலை செய்வதுபோல இருக்கிறது. முன்பு இரண்டு படலங்களை ஒன்றோடொன்று முட்டவைக்கும் திரைகள் இருந்தன. 2008ல் வந்த நோக்கியா 5800 அந்த வகை. அதை நகத்தால் குத்தினாலும் வேலை செய்யும். இதற்கு நகம் சரிவராது.

இப்போது கிளாஸ். ஓ லெவல் பிள்ளைகளுக்குத் தெரிந்த விசயம்: தூரம் கூடினால் கொள்ளளவம் குறையும், இடையில் இருக்கிற பொருளைப் பொறுத்தும் மாறும். கண்ணாடியின் மின்கோடுபுகு திறன், அதாவது மின்புலத்தைத் தன்னூடாக விடும் தன்மை, காற்றைவிட ஏறத்தாழ 7 மடங்கு. கடைகளில் கிடைக்கிற டெம்பர் கிளாஸ் அநேகமாக 0.33 மில்லிமீற்றர் தடிப்பு. கண்ணாடி திரையோடு முழுதாக ஒட்டி இருந்தால் அது பெரிய தடையே இல்லை. ஆனால் இடையில் 0.1 மில்லிமீற்றர் காற்று நின்றால், அது 0.7 மில்லிமீற்றர் கண்ணாடிக்குச் சமம். அதாவது ஒட்டிய கிளாஸின்மேல் இன்னும் இரண்டு கிளாஸை ஒட்டியதுபோல.

அம்மாவுக்கு ஏன் கூடக் கஷ்டம்? ஊசியும் துணியும் பட்டுத் தடித்த தோல், அதிலும் தையல் சோக் தூள். காய்ந்த தடித்த தோல் மின்னை நன்றாகக் கடத்தாது, அதுவும் ஒரு இடைவெளிதான். ஒரு காற்று இடைவெளியும் ஒரு தோல் இடைவெளியும் சேர்ந்தால் சில்லுக்குக் கிடைக்கிற மாற்றம் மிகச் சிறியது, "இது விரலில்லை" என்று அது தள்ளிவிடும். விரலைக் கழுவி, கொஞ்சம் கிறீம் பூசி, நுனியால் இல்லாமல் விரலின் சதைப்பக்கத்தால் தொடச் சொல்லுங்கள். ஊசி பிடிக்காத விரல் எதுவோ அதுவே நல்லது.

அந்தச் சுவிட்ச் செய்வது இந்தத் தள்ளிவிடும் எல்லையைக் கீழே இறக்குவதுதான். கோயில் ஒலிபெருக்கியில் சத்தத்தைக் கூட்டினால் பாட்டோடு இரைச்சலும் சேர்ந்து கூடுமே, அதே கதை. புறாமலையின் மழைத்துளி அந்த இரைச்சல்.

ஒரு உபரித் தகவல். இந்த முறையை 1965லேயே இங்கிலாந்தில் மால்வர்ன் என்ற இடத்தில் அரச ராடார் நிலையத்தில் வேலை செய்த ஈ. ஏ. ஜோன்சன் எழுதி வெளியிட்டார். வானூர்திக் கட்டுப்பாட்டுக்காக யோசித்தது. சீனக்குடாவில் விமானம் இறங்கும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம் வரும், யாருக்கும் சொல்வதில்லை.


கிண்ணியா_நானா | மதியம் 12.05

சேர் சொன்ன பிறகு எனக்கு வேலை குறைவு.

அந்தப் புள்ளிகள்: உங்களுக்கு ஒட்டியது ஓரத்தில் மட்டும் பசை உள்ள கிளாஸ். நடுவில் பசையே இல்லை, கண்ணாடி திரையில் ஒட்டி வானவில் போலக் கறை விழாமல் இருக்கத்தான் அந்தப் புள்ளிகள். அதற்கும் திரைக்கும் நடுவில் காற்று. கழற்றி வீசிவிட்டு ஃபுல் குளூ கேட்டு வாங்குங்க. ஒட்ட முதல் கையில் எடுத்து அடிப்பக்கப் படலத்தைக் கொஞ்சம் உரித்துப் பாருங்க, முழுப் பரப்பும் பிசுபிசுப்பாக இருக்கவேண்டும். பெட்டியில் 9எச், 9டி, 21டி என்று போட்டிருப்பதைப் பார்த்து ஏமாறவேண்டாம். 9எச் என்பது பென்சில் கீறல் சோதனையின் அளவு, டச்சுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மற்ற எண்கள் எல்லாம் பெட்டி அச்சடிக்கிறவரின் விருப்பம்.

ஒட்டினதும் திரையை ஒருமுறை அணைத்து எழுப்புங்க, அல்லது ரீஸ்டார்ட். சில்லு புது நிலைமையைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும்.

வட்ஸ்அப் மைக்குக்கு ஒரு வழி சொல்கிறேன், இதற்கும் கிளாஸுக்கும் சம்பந்தமில்லை. பட்டனை அமத்தி உடனே மேல்பக்கம் ஒரு தள்ளு தள்ளினால் பூட்டு விழும். பிறகு கையை எடுத்துவிட்டே பேசலாம், முடிந்ததும் அனுப்பலாம். அம்மா தைத்துக்கொண்டே பதில் சொல்லட்டும்.


கடலூரான் | மாலை 5.40

இந்த இழையைப் படித்துவிட்டு ஒரு கேள்வி. நாங்கள் தொழிலுக்குக் கடலுக்குப் போகிறவர்கள். திருக்கடலூர்க் கரையில் எங்கள் ஆட்களிடம் கேட்டால் எல்லாருக்கும் ஒரே முறைப்பாடுதான்: கரையில் நல்லாய் இருக்கிற போன் போட்டில் ஏறினதும் பைத்தியம். கையில் மீன் வழுவழுப்பு, உப்புத்தண்ணீர். தொட்டால் ஒன்றும் நடக்காது, தொடாமல் இருந்தால் வேறு ஏதோ திறக்கும். ஜிபிஎஸ் பார்க்கிற நேரத்தில் மெப் தானாகப் பெருத்துச் சிறுத்து ஓடினால் மனுசனுக்கு எப்படி இருக்கும்?

நான் கண்ட வழி இது. போனை மெல்லிய பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டிவிடுவேன், சுருக்கம் இல்லாமல். பைக்கு வெளியே துணியால் துடைத்துவிட்டுத் தொட்டால் வேலை செய்கிறது. பை தொய்ந்தால் செய்யாது, காரணம் இப்போதுதான் விளங்குகிறது. சேர் சொன்ன அந்தக் காற்று. மெப்பை முன்கூட்டியே இறக்கி, திரை அணையும் நேரத்தைக் கூட்டி வைப்பேன். கோல் வந்தால் டச்சை நம்புவதில்லை. போன் செயலியின் செட்டிங்ஸில் கோலுக்குப் பதில் சொல்கிற பகுதியில், வொலியூம் கூட்டுகிற பட்டனை அமத்தினால் கோல் எடுபடும்படி வைக்கலாம். சாம்சங்கில் இருக்கிறது. நிலாவெளி_ரோட், உங்கள் அம்மாவுக்கும் இதுதான் சுகம், பச்சை வட்டத்தோடு மல்லுக்கட்டத் தேவையில்லை.

கேள்வி: சென்சிட்டிவிட்டியைக் கடலில் ஓன் செய்வதா, ஓஃப் செய்வதா?


உவர்மலை_சேர் | 6.25

ஓஃப். மழைத்தண்ணீரைவிடக் கடல்தண்ணீர் பலமடங்கு மின்னைக் கடத்தும். திரையில் தனித்து நிற்கிற ஒரு துளியைச் சில்லு பெரும்பாலும் கண்டுபிடித்து ஒதுக்கிவிடும். அந்தத் துளி ஓடிப்போய் உங்கள் கையையோ போனின் உலோக விளிம்பையோ தொட்டதும் அதுவும் ஒரு விரலாகிவிடுகிறது. சுவிட்ச் ஓனில் இருந்தால் இன்னும் மோசம்.

இப்போது வருகிற சில போன்களில் ஈரக் கைக்கென்றே தனி ஏற்பாடு இருக்கிறது, 2023ல் இருந்து வன்பிளஸ் சில மொடல்களில் கொடுக்கிறது. ஆனால் அதை நம்பிக் கடலில் இறங்கவேண்டாம். தண்ணீர் புகாது என்பதற்கு ஐபி68 என்று எழுதியிருப்பதும் நன்னீரில் வைத்துச் சோதித்த கணக்கு. உப்புத்தண்ணீர் பட்டால் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, சார்ஜ் குத்துகிற வாய் நன்றாகக் காயும்வரை வயர் போடக்கூடாது.


வெந்நீர்க்கிணறு | இரவு 9.02

என் பிரச்சினை இதற்கு நேர்மாறு. அப்பாவுக்குக் கை நடுக்கம். தொட்டால் ஒன்றுக்கு மூன்று தட்டாகப் போகிறது. ஒருவருக்குக் கோல் எடுக்கப் போனால் வீடியோ கோல் ஆகிவிடும். எழுத்து அடித்தால் "அஅஅ". மெதுவாக ஐக்கனைத் தொட்டால் அது ஆடத் தொடங்கி அழிக்கவா என்று கேட்கிறது. போன் பழைய ஐபோன். சாம்சங்கில் இருக்கிற அந்தச் சுவிட்சை ஐபோனில் தேடிக் களைத்துவிட்டேன். டச்சைக் குறைக்க வழி உண்டா?


லிங்கநகர்_மிஸ்ஸி | 10.48

ஐபோனில் அப்படி ஒரு சுவிட்ச் இல்லை, தேடவேண்டாம். உங்களுக்குத் தேவையானது அதுவும் இல்லை. அப்பாவின் விரலைப் போன் நன்றாகவே உணர்கிறது. எதைத் தட்டு என்று எண்ணுவது என்பதைத்தான் மாற்றவேண்டும்.

செட்டிங்ஸில் எக்செஸிபிலிட்டி, அதில் டச், அதில் டச் அக்கொமடேஷன்ஸ். உள்ளே மூன்று முக்கியமான விசயங்கள். ஹோல்ட் டியுரேஷன்: விரல் இவ்வளவு நேரம் நின்றால்தான் தொட்டதாகக் கணக்கு. மிகச் சிறியதில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். ஒரே அடியாகக் கூட்டினால் அவருக்கே எரிச்சல் வந்து போனைத் தூக்கி வைத்துவிடுவார். அடுத்தது இக்னோர் ரிப்பீட், அந்த மூன்று தட்டை ஒன்றாக்குவது இதுதான். மூன்றாவது டெப் அசிஸ்டன்ஸ். விரல் முதலில் பட்ட இடமா, கடைசியாக எடுத்த இடமா, எது கணக்கு என்று அதில் சொல்லலாம். நடுங்கும் கைக்குக் கடைசி இடம் நல்லது என்பது என் அனுபவம். விரலை வைத்து, சரியான பட்டனுக்கு நகர்த்தி, பிறகு எடுக்கலாம் அல்லவா.

ஆனால் இதைத் தொட முதல் ஒரு வேலை. எக்செஸிபிலிட்டிப் பக்கத்தின் அடியில் ஷோர்ட்கட் இருக்கிறது. பக்கவாட்டுப் பட்டனை, பழைய போன் என்றால் ஹோம் பட்டனை, மூன்றுதரம் அமத்தினால் டச் அக்கொமடேஷன்ஸ் ஓன், ஓஃப் ஆகும்படி வையுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் அவருடைய போனை வாங்கி ஒரு வேலை செய்ய முடியாது. திரை செத்துப்போனது போல இருக்கும், பேரப்பிள்ளைகள் போனை உடைத்தது தாங்கள்தான் என்று அழுவார்கள்.

ஐக்கன் ஆடுவதை நிறுத்த, அதே டச் பக்கத்தில் ஹெப்டிக் டச் என்பதை (அமத்திப் பிடிக்கும் நேரம்) ஸ்லோவில் வையுங்கள். அங்கேயே ஷேக் டு அண்டூவை ஓஃப் செய்யுங்கள். கை நடுங்கினால் போனைக் குலுக்கியதாக நினைத்து அடித்ததை அழிக்கவா என்று கேட்டுக்கொண்டே இருக்கும். ஐபோன் 8 அல்லது அதற்குப் பிறகு வந்த மொடல் என்றால் பெக் டெப்பும் இருக்கிறது, போனின் முதுகில் இரண்டு தட்டு. அதை நடுக்கம் உள்ளவருக்குப் போட்டுவிடாதீர்கள்.

சாம்சங் வைத்திருப்பவர்களுக்கும் இது உண்டு. எக்செஸிபிலிட்டியில் இன்டரெக்ஷன் அண்ட் டெக்ஸ்டெரிட்டி, அதற்குள் டச் அண்ட் ஹோல்ட் டிலே, டெப் டியுரேஷன், இக்னோர் ரிப்பீட்டட் டச்சஸ். மற்ற அன்ட்ரொயிட்டிலும் அமத்திப் பிடிக்கும் நேரத்தைக் கூட்டலாம். கீபோர்டு தனி. கூகுளின் கீபோர்டான ஜிபோர்டில் நீண்டு அமத்தும் நேரம் 300 மில்லிசெக்கனில் நிற்கும், அதை 500க்குமேல் வைத்துப் பாருங்கள். தமிழில் அடிப்பவர்களுக்கு இது முக்கியம், கை ஒரு கணம் தங்கினால் வேறு எழுத்துப் பட்டியல் வந்து நிற்கும்.

நடுக்கம் புதிதாக வந்தது என்றால் போன் செட்டிங்ஸோடு விட்டுவிடாமல் டொக்டரிடம் காட்டுங்கள்.


மூதூர்_பொடியன் | செவ்வாய், அதிகாலை 12.30

அப்படி என்றால் என் கேள்வியையும் கேட்டுவிடுகிறேன். கேம் விளையாடுகிற ஆட்களுக்கு. ரெட்மியில் கேம் டர்போவுக்குள் டச் திருத்துகிற பகுதி சில மொடல்களில் இருக்கிறது. ஸ்வைப்புக்கு எவ்வளவு வேகம், அடுத்தடுத்துத் தட்டினால் எவ்வளவு உணரவேண்டும், ஓரத்தில் எவ்வளவு இடத்தைக் கண்டுகொள்ளாமல் விடவேண்டும் என்று மூன்றும் மாற்றலாம். ஓரத்தை ஒதுக்குவதுதான் பெரிய உதவி, உள்ளங்கை பட்டு ஆள் தானாகச் சுடுவது நின்றது.

பெட்டியில் 120 ஹெர்ட்ஸ், 240 ஹெர்ட்ஸ் என்று இரண்டு கணக்குப் போடுகிறார்கள், அதைக் கலக்காதீங்க. முதலாவது திரை செக்கனுக்கு எத்தனை படம் காட்டுகிறது. இரண்டாவது செக்கனுக்கு எத்தனை தரம் விரலைத் தேடிப் பார்க்கிறது. 240 என்றால் ஏறத்தாழ 4 மில்லிசெக்கனுக்கு ஒருதரம், 60 என்றால் 16க்கு மேல். வட்ஸ்அப்புக்கு எதுவும் தேவையில்லை.

கேள்வி: டச் கெலிபிரேஷன், அதாவது டச்சைச் சரிப்படுத்துவது, என்று ஸ்டோரில் கிடக்கிற செயலிகள் வேலை செய்யுமா? ஒன்று போட்டேன், கொஞ்சம் நல்லாய் இருக்கிற மாதிரி. அப்புறம், சார்ஜில் போட்டுக்கொண்டு விளையாடினால் டச் துள்ளுகிறது. ஏன்?


கிண்ணியா_நானா | காலை 8.15

மூதூர்_பொடியன் எழுதியது: "கொஞ்சம் நல்லாய் இருக்கிற மாதிரி."

மாதிரிதான். இந்தத் திரைகளை வெளியில் இருந்து ஒரு செயலி கெலிபிரேட் செய்ய முடியாது. அது சில்லுக்குள், கம்பனி எழுதிய மென்பொருளுக்குள் நடக்கிற வேலை. நாலு மூலையில் தட்டு என்று சொல்லிவிட்டு விளம்பரம் காட்டுவதுதான் அதன் தொழில். அழித்துவிடு தம்பி.

சார்ஜில் துள்ளுவதற்குப் பெரும்பாலும் சார்ஜர்தான் காரணம். மலிவான சார்ஜரில் இரைச்சலை வடிகட்டுகிற பாகங்களை மிச்சம் பிடித்துவிடுவார்கள். அந்த இரைச்சல் வயர் வழியாகப் போனுக்கு ஏறும், நீ விரலை வைக்கிற இடத்தில் வெளியே வரப் பார்க்கும், சில்லுக்குத் தலை சுற்றும். வயரைக் கழற்று. கழற்றிய உடனே திரை அமைதியானால் சார்ஜரை மாற்று. பவர் பாங்கில் போட்டுப் பார்த்தாலும் தெரிந்துவிடும். கரண்ட் கட் நேரம் சின்ன இன்வேர்ட்டரில் சார்ஜ் போட்டாலும் சிலருக்கு இப்படி வரும். பெனலில் ஒரு குற்றமும் இல்லாமல் இதற்காகவே டிஸ்பிளே மாற்றிக்கொண்டு போனவர்கள் உண்டு, மாற்றிய பிறகும் துள்ளுகிறது என்று திரும்பி வந்தார்கள்.

ஒன்றை மட்டும் விளையாட்டாக எடுக்காதீங்க. வயர் இல்லாமலும் டச் தானாக ஓடுகிறது, அதோடு திரையின் ஒரு பக்கம் கொஞ்சம் தூக்கி நிற்கிறது அல்லது பின்மூடி உப்பியிருக்கிறது என்றால் உள்ளே பற்றரி வீங்கி பெனலை அடியில் இருந்து தள்ளுகிறது. சார்ஜ் போடாதீங்க, அமத்தி மூடப் பார்க்காதீங்க, ஓஃப் செய்து நேரே கடைக்குக் கொண்டுபோய்ப் பற்றரியைக் கழற்றச் சொல்லுங்க. கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் ஆட்டோ டாஷ்போர்டில் வெயிலுக்குள் கிடக்கிற போன்களில் நான் இதைக் கூடக் காண்கிறேன்.

உண்மையாகவே டிஸ்பிளே மாற்றவேண்டி வந்தால் என்ன வகை போடுகிறார்கள் என்று வாயால் கேட்டு, பில்லில் எழுதச் சொல்லுங்க. கொப்பி பெனலில் படம் நன்றாய்த் தெரியும், ஆனால் டச் சில்லு வேறு. இரண்டு தட்டில் திரை எழும்புவது, சென்சிட்டிவிட்டி சுவிட்ச் மாதிரியானவை பிறகு வேலை செய்யாமல் போகலாம். ஐபோன் 11க்குப் பிறகு வந்தவற்றில் கம்பனிப் பெனல் இல்லை என்றால் செட்டிங்ஸில் அதுவே காட்டிக்கொடுக்கும். கடையில் நின்றே *#0*# அடித்துப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்க. என் கடைக்கு வந்தாலும் அதுதான்.


புறாமலை | 9.40

நானா கடைக்கு வெளியே இப்படி நாலு பேர் இருந்தால் நான் கிளாஸ் ஒட்டியிருப்பேன்.

என் மழைக்கதைக்கு யாரும் மருந்து சொல்லவில்லை. சட்டைப்பையில் இருந்தும் கோல் போகிறது, அது மழை இல்லாமல்.


நடத்துநர் | 9.55

இழையைத் தலைப்போடு வைத்திருங்கள். வாடகைப் பாக்கிக்கு வேறு பகுதி இருக்கிறது.


லிங்கநகர்_மிஸ்ஸி | பகல் 1.20

புறாமலை அண்ணா, டிஸ்பிளேக்குள்ளேயே எக்ஸிடென்டல் டச் புரொடெக்ஷன் இருக்கும், ஓன் செய்யுங்கள். பை போன்ற இருட்டான இடத்தில் திரை தானாகத் தொடுகையை ஏற்காது. ரெட்மியில் பொக்கெட் மோட். கூடவே இரண்டு தட்டில் திரை எழும்புவதையும் தூக்கினால் எழும்புவதையும் ஓஃப் செய்தால் பையில் எழும்பவே எழும்பாது. மழைக்கு அது உதவாது, சைட் பட்டனால் திரையை அணைத்துவிட்டுத்தான் பையில் போடவேண்டும்.


நிலாவெளி_ரோட் | புதன், இரவு 7.35

பழைய கிளாஸைக் கழற்றி அம்மாவின் விரலாலேயே *#0*# செய்தோம். எல்லாக் கட்டமும் பச்சை. வேறு ஒரு கடையில் ஃபுல் குளூ கேட்டு, நானா சொன்ன மாதிரி உரித்துப் பார்த்து ஒட்டினோம். கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகும் ஒருமுறை இழுத்துப் பார்த்தோம், ஓரத்தில் ஒன்றிரண்டு கட்டம் மட்டும் பிந்தியது. சென்சிட்டிவிட்டியை ஓனிலேயே வைத்திருக்கிறோம், அம்மா மழைக்குள் போகிறவர் இல்லை. கோலை இப்போது வொலியூம் பட்டனால் எடுக்கிறார். மைக் பூட்டைக் கண்டுபிடித்த பிறகு குரல் பதில்கள் நீண்டு போய்விட்டன, வாடிக்கையாளர்கள்தான் பாவம்.

மிஞ்சியிருப்பது ஒன்று. புதுக் கிளாஸுக்குப் பிறகு கைரேகை எடுக்கவில்லை. என் ரேகை எடுக்கிறது, அம்மாவுடையது இல்லை.


கிண்ணியா_நானா | 8.10

திரைக்கு அடியில் ரேகை பார்க்கிற போன் என்றால் பழைய பதிவை அழித்துவிட்டுப் புதுக் கிளாஸின் மேலேயே திரும்பப் பதியுங்க. கிளாஸ் மாறும் ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். அம்மாவுக்கு ஊசி படாத விரலாகப் பார்த்து, கை கழுவின பிறகு, அதே விரலை இரண்டு தரம் தனித்தனியாகப் பதிந்தால் நல்லாய் எடுக்கும். அதற்கும் எடுக்கவில்லை என்றால் அவர் ரேகையே தேய்ந்திருக்கும், தையல்காரருக்கும் மேசன்மாருக்கும் இது வழமை. பின் நம்பரையே பாவிக்கச் சொல்லுங்க.